இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, காதுதான் சாயங்காலமானால் ரீங்காரம் போடுகிறது. உன் தோள்வலி தேவலையா? ஐஸ் கூடையைத் தூக்காதே என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறேன், கேட்டால்தானே. ஏலம் விடுகிறவளுக்கு வாய்தான் முதல், தோள் இல்லை.

போனில் பேசக் கூடாதா என்று கேட்டிருந்தாய். பகல் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, உங்கள் ஊர்க் கடலைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறவன் நான். வீட்டுக்கு வந்து இன்னொன்றைக் காதில் வைத்தால் பைத்தியம் பிடித்துவிடும். கடிதம் சத்தம் போடாது.

நல்ல சேதி சொல்கிறேன். மீன் பிடிக்கக் கூடாது என்று நீ வீடு வீடாகப் போய் மன்றாடி மூட வைத்தாயே, அந்தக் கடல் பிழைத்துவிட்டது. மஞ்சள் மிதவைகளுக்கு உள்ளே தண்ணீருக்கடியில் நாங்கள் கட்டி வைத்திருக்கும் கருவியை அலுவலகத்தில் ‘காது’ என்றுதான் சொல்வோம். முதல் வருஷம் அந்தக் காதில் ஒன்றும் விழாது. இழவு வீட்டில் எல்லோரும் போன பிறகு இருக்குமே, அந்த மாதிரி. இப்போது இறால்கள் கடுகு வெடிக்கிற மாதிரி வெடிக்கின்றன. பொழுது சாய்ந்தால் மீன்கள் கூட்டமாகக் கத்த ஆரம்பிக்கின்றன. கிழக்குப் பாறையடியில் ஒரு களவா மீன் வந்து குடியேறியிருக்கிறது, கேமராவில் பார்த்தோம். ஆள் நீளம். அந்தப் பக்கம் அப்படி ஒன்றைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறதாம்.

செப்டம்பரில் ஐந்து வருஷக் கெடு முடிகிறது. என் அறிக்கையை வைத்துத்தான் உங்கள் ஊர் மீனவர் குழு முடிவெடுக்கும். கிழக்குப் பாதியைத் திறந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. ஜெயித்துவிட்டாய் அக்கா.

உன் தம்பி


பிப்ரவரி 21

என் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். நான் நன்றாக இருக்கிறேன். நீ காதுக்கு மருந்து போடு, வெந்நீர் குடி, நல்ல தலையணை வாங்கு. தோளைப் பற்றி இனிக் கேட்காதே. வயசானால் வலிக்கத்தான் செய்யும்.

உன் சேதியை ஏலக்கூடத்தில் சொன்னேன். நெட்டையன் துள்ளிக் குதித்தான். தெரியும்தானே, உன் அத்தானோடு ஒரே படகில் தொழில் செய்தவன். அவர் கடலில் காணாமல் போனபோது சோறு தண்ணி இல்லாமல் தேடினவனும் அவன்தான். மறு வருஷம் கடலை மூடணும் என்று நான் கிளம்பியபோது, முதலில் சண்டைக்கு வந்தவனும் அவனேதான். “அண்ணி, அஞ்சு வருஷம் நான் என்ன, மிதவையையா திங்கிறது?” என்று கேட்டான். இத்தனை நாளும் அந்த மிதவையைச் சுற்றிக்கொண்டு தூரக் கடலுக்குப் போய், எண்ணெய்ச் செலவுக்கே பிடித்துக்கொண்டு வருகிறான். இப்போது ஒவ்வொரு நாளும் “எப்போ அண்ணி, எப்போ அண்ணி” என்கிறான்.

திறந்துதான் ஆகணுமா? இன்னும் ஒரு வருஷம் பார்த்தால் என்ன? மீன் எங்கே ஓடிப்போகப் போகிறது.

உன் காது என்னென்ன கேட்கும்? மேலே யாராவது பேசினால் கேட்குமா? மெல்லிய சத்தமாக இருந்தால்? சும்மாதான் கேட்கிறேன். மீன் சாப்பிடுகிறாயா என்று கேட்டிருக்கிறாய் முன்பே ஒரு தடவை. மீன் வாசனை கூடத்தோடு சரி. வீட்டில் சமைப்பதை விட்டு ஆறு வருஷம் ஆகிவிட்டது, பழகிப் போச்சு.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். மோட்டார் எவ்வளவு தூரத்தில் ஓடினாலும் காதில் விழும். துடுப்பு உரசுவது விழும். மேலே பேசுவது விழாது. ஆனால் படகின் மரத்தைத் தட்டினால் நன்றாக விழும்.

தட்டு கேட்கிறது அக்கா. மூடின பகுதிக்குள், பாறைக்குப் பக்கத்தில், பொழுது சாய்கிற நேரத்தில். மோட்டார் சத்தம் இல்லை. இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று. முதல் தடவை கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து கதவைத் திறக்கப் போய்விட்டேன். நடைவழியில் யாரும் இல்லை. பக்கத்து மேசைக்காரி “என்ன ஆச்சு உங்களுக்கு?” என்று கேட்டாள். நான் ஏன் எழுந்தேன் என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

அன்றைக்கு வீட்டில் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. படித்த மனுஷன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒன்று சொல். அத்தான் வேலை முடிந்து வந்தால் எப்படிக் கதவைத் தட்டுவார்? எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் உன் வாயால் சொன்னால் தேவலை.

தம்பி


ஏப்ரல் 29

என் தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கூடத்துக் கூரை ஒழுகுகிறது. தராசின் மேலேயே சொட்டுகிறது. மழையையும் சேர்த்து எடை போடுகிறாள் என்று வியாபாரிகள் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். ஓட்டை அடைக்க வந்தவன் ஏணியோடு வழுக்கி ஐஸ் தொட்டியில் விழுந்தான். அடி ஒன்றும் இல்லை, விறைத்துப்போய் எழுந்து வந்தான். அவனை வெயிலில் நிறுத்திக் காய வைத்தோம்.

குழுவில் கரைக் காவல் முறை வைத்திருக்கிறோம். ஆளுக்கொரு நாள் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து, மிதவைக்கு உள்ளே யாரும் போகாமல் பார்க்கணும். என் முறையும் வருகிறது. நேரம் போதவில்லை.

நீ கேட்டது எனக்கு மறந்துவிட்டது. ஆறு வருஷம் ஆகிறதே.

நன்றாகத் தூங்கு. ராத்திரி விளக்கை எரியவிட்டே படு, தப்பில்லை.

அக்கா

பி.கு: அந்தத் தட்டுக்கு அப்புறம் வேறு ஏதாவது பதிந்திருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.


மே 11

அக்கா,

மறந்துவிட்டதா? உனக்கா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். வெளியே இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று. நீ அடுப்படியில் கை வேலையாக இருப்பாய். கரண்டிக் காம்பால் சுவரில் ஒரே ஒரு தட்டு தட்டுவாய். ‘கேட்டாச்சு’ என்று அர்த்தம். உன் வீட்டில் வளர்ந்தவன் நான், ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறது என் வேலை. வாசலில் அத்தான் ஈரத் தலையோடு நிற்பார். “உங்க அக்கா என்ன, சுவத்தோடதான் பேசுவாளா?” என்று தினமும் அதே கேள்வியைக் கேட்பார்.

அந்தத் தட்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடலோடு போனார். ஒருவன் இங்கே இருக்கிறான். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். உன் தோள்வலி ஐஸ் கூடையால் வந்தது இல்லை, துடுப்பால் வந்தது. உன் காவல் நாளில் நீயே உள்ளே போகிறாய். மிதவைக்குள் நிழல்கூட விழக் கூடாது என்று சட்டம் போட்டவளே நீதான். யார் உள்ளே போனாலும் நான் அறிக்கையில் எழுதியாக வேண்டும். என்னை ஏன் இப்படிச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறாய்?

பின்குறிப்புக்குப் பதில். பதிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உன் தட்டுக்குக் கொஞ்ச நேரம் கழித்து, அடியிலிருந்து ஒரு சத்தம். கனமாக, மெதுவாக. ஒரே ஒரு தட்டு.

இத்தோடு நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 15

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். இரண்டு தடவை படித்தேன், உட்கார்ந்து அழுதேன், அப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன். அப்போ எனக்குப் பைத்தியம் இல்லை. உன் கருவிக்கும் கேட்டிருக்கிறது. இதைத்தான்டா யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

என் காவல் நாளில் மற்றவர்கள் கூடத்தைக் கழுவிவிட்டுப் போன பிறகு, அவருடைய சின்னப் படகை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போவேன். அவரைக் கடைசியாக அங்கேதான் பார்த்தார்கள். துடுப்பைத் தண்ணீரில் நட்டு, பிடியில் காதை வைத்தால் கடலுக்குள் நடப்பது கேட்கும். கல்யாணமான புதிதில் அவர் சொல்லிக் கொடுத்தது. சும்மா ஒரு நாள் மரத்தைத் தட்டினேன். வீட்டுக்கு வந்தால் எப்படித் தட்டுவாரோ அப்படி. கீழேயிருந்து ஒரு தட்டு வந்தது. கேட்டாச்சு என்கிற மாதிரி.

முன்னெல்லாம் அவர் வெளியே நிற்பார், நான் உள்ளே இருப்பேன். இப்போ நான் வெளியே நிற்கிறேன், அவர் உள்ளே இருக்கிறார். கதவைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடலை மூடச் சொல்லி வீடு வீடாக அலைந்தபோது மீனுக்காக என்று சொன்னேன். பொய் இல்லை. இழுவலை போட்டு அடித்தரையையே வழித்து எடுத்துவிட்டார்கள், அடுத்த தலைமுறைக்கு மண்தான் மிஞ்சும் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் படுத்தால் வேறொன்று கண்ணில் வரும். யாருடைய வலையிலாவது அவர் வந்துவிடுவார். கூடத்தில் என் மேசைக்கு வந்துவிடுவார். அந்தப் பயத்தில்தான் அத்தனை படி ஏறினேன். யாரிடமும் சொன்னதில்லை.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுது. அக்கா என்று பார்க்காதே. நான் போட்ட சட்டம், எனக்கு மட்டும் ஓட்டையா?

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

அறிக்கை முடிந்தது. ‘மோட்டார் இல்லாத சிறு படகு ஒன்று பல முறை உள்ளே வந்திருக்கிறது’ என்று எழுதியிருக்கிறேன். யாருடையது என்று குழு கேட்டால் நீயே சொல்லிக்கொள். மீன் பெருகியிருக்கிறது, கிழக்குப் பாதியைத் திறக்கலாம், கைத்தூண்டிலும் சிறு வலையும் மட்டும் போடலாம், இழுவலை கூடாது என்று முடித்திருக்கிறேன். பாறையும் கிழக்குப் பாதியில்தான் வருகிறது. அதை மட்டும் மூடியே வைக்க வேண்டுமென்றால் தனிக் காரணம் காட்ட வேண்டும். யோசித்துப் பார்த்தேன். எழுதவில்லை.

அந்தப் பதில் சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட அறிக்கையில் கிடையாது. பக்கத்து மேசைக்காரி அதைக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னாள், அதையும் சேர்க்கவில்லை. அறிக்கையைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். அந்தச் சத்தம் உன்னுடையது. அப்படியே இருக்கட்டும்.

வேறு விசேஷம் இல்லை. காது தேவலை.

தம்பி


செப்டம்பர் 12

என் தம்பிக்கு,

அக்கா நன்றாக இருக்கிறேன். ஊரே சிரித்த கதையைக் கேள்.

கூடத்தில் கூட்டம். உள்ளே போனவர் பெயரைச் சத்தமாக வாசிக்கணும், படகை ஒரு மாசம் கட்டிப் போடணும், இதுதான் சட்டம். வாசிக்கிறது எப்போதும் நான்தான். எழுந்து நின்று என் பெயரை நானே வாசித்தேன். பின்னாலிருந்து ஒருத்தர், “அம்மா, கண்ணாடியைப் போட்டுப் படிங்க” என்றார். சரியாகத்தான் படிக்கிறேன் என்றேன். அப்புறம்தான் ஒரே சிரிப்பு. நெட்டையன் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்து அவனே என் படகைக் கட்டினான். “கேட்டிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே அண்ணி” என்று மட்டும் சொன்னான். எங்கே, எதுக்கு என்று அவன் கேட்கவில்லை.

அப்புறம் ஓட்டு. திறக்கணும் என்று பாதிக் கை, வேண்டாம் என்று பாதிக் கை. கடைசிக் கை என்னுடையது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். மூடினவள், மூடத்தான் சொல்வாள் என்று நினைத்திருப்பார்கள்.

அஞ்சு வருஷம் பொறுங்கள், உங்கள் பிள்ளைகள் சாப்பிடும் என்று சொன்ன வாய் இது. பொறுத்தார்கள். வட்டிக்கு வாங்கினான் ஒருத்தன், வலையை விற்றான் ஒருத்தன், ஆனாலும் மிதவையைத் தாண்டவில்லை. தாண்டினது நான் ஒருத்திதான். இப்போது மீன் வந்திருக்கும்போது, உள்ளே என் ஆள் இருக்கிறார், யாரும் வராதீர்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? திறக்கணும் என்று கையைத் தூக்கினேன்.

அக்டோபர் முதல் தேதி கிழக்கு மிதவைகளை எடுக்கிறார்கள்.

அக்கா


அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? தோள் எப்படி இருக்கிறது?

இந்த மாதப் பதிவு வந்தது. காது அதே இடத்தில்தான் இருக்கிறது. முதல் நாளிலிருந்தே மோட்டார் சத்தம், நங்கூரம் விழும் சத்தம், சங்கிலி. சாயங்கால மீன் சத்தம் இருக்கிறது, நல்லபடியாகத்தான் இருக்கிறது. பதினைந்தாம் தேதி உன் தட்டு கேட்டது. இரண்டு, கொஞ்சம் பொறுத்து ஒன்று. அப்புறம் மறுபடியும் தட்டியிருக்கிறாய். அப்புறம் மறுபடியும். இதற்கு முன்னால் நீ ஒரு தடவைக்கு மேல் தட்டினதே இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் பதியவில்லை. கருவியில் ஏதாவது கோளாறாக இருக்கும். முக்குளிப்பவர்களிடம் இறங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உடனே பதில் போடு. ஒரு வரி போதும்.

தம்பி


நவம்பர் 5

என் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கருவிக்கும் கோளாறு இல்லை.

திறந்த மறு வாரம் நெட்டையன் கூடத்துக்கு வந்தான். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்து என் மேசையில் போட்டார்கள். களவா. வால் மேசைக்கு வெளியே தொங்கியது. கூடமே ஓடி வந்து பார்த்தது. நெட்டையன் முகத்தில் இத்தனை வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு. “பாறையடியிலே அண்ணி, தூண்டில்லே” என்றான். சொல்லி முடிப்பதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டான். சிரிப்பு போய்விட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாறையைச் சுற்றிச் சுற்றித் தேடினவன் அல்லவா.

ஏலத்தைத் தொடங்கினேன். விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு தரம் என்றேன். ரெண்டு தரம் என்றேன். மூணாவது வாயில் வரவில்லை. வியாபாரிகள் காத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து தண்ணீர் தராசில் சொட்டுவது கேட்கிறது. நெட்டையன், “அண்ணி, வேணாம்னா விடுங்க, நான் எடுத்துட்டுப் போயிடறேன்” என்றான் மெதுவாக. எங்கே எடுத்துக்கொண்டு போவான்? அவன் கையைப் பார்த்தேன், தூண்டில் கயிறு அறுத்த காயம். அஞ்சு வருஷம் பொறுத்த கை.

மூணு தரம் என்று சொல்லி மேசையைத் தட்டினேன். சொல்லிவிட்டேன்டா.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் ஒரு துண்டை இலையில் சுற்றி வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கி ஐஸில் வைத்தேன். பதினைந்தாம் தேதி அதைப் படகில் எடுத்துப்போய்ப் பாறையடியில் விட்டேன். அவர் கிடக்கிற இடத்தில் வளர்ந்த மீன், அங்கேயே போகட்டும். அப்புறம் தட்டினேன். மிச்சம் உன் கருவிக்கே தெரியும்.

அது மீன்தான் என்று உனக்குத் தெரியும். பக்கத்து மேசைக்காரி அதைத்தானே சொன்னாள்? எனக்காக எழுதாமல் விட்டாய். எனக்கும் தெரியும்டா. பாறைக்கடியில் இருக்கிற களவா, மேலே சத்தம் கேட்டால் திருப்பி ஒரு தட்டு தட்டும். எல்லையைக் காக்கிற மீன். துடுப்பில் காதை வைத்து அதைக் கேட்கத்தான் உன் அத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். தெரிந்தேதான் போனேன். தெரிந்தேதான் தட்டினேன். பதில் வருகிற அந்த நேரம் மட்டும் தெரியாதவளாக இருப்பேன். படகைத் திருப்பும்போது தெரிந்துவிடும். அது போதும் எனக்கு.

அந்தச் சத்தம் களவா என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால், அதுவே தனிக் காரணமாகிப் பாறை மூடியே இருந்திருக்கும். கூட்டத்தில் எழுந்து நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் இருந்திருக்கும். சொன்னால் அது வெறும் மீனாகிவிடும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அக்காவுக்குத் தம்பி தப்பாமல் பிறந்திருக்கிறாய். உன்மேல் கோபம் இல்லை. என்மேல் இருக்கிறது, அது ஆறும்.

முட்டையிடுகிற மீன் அந்தப் பாறைக்குத்தான் வரும் என்று நெட்டையன் சொல்கிறான். சின்னதாக இரண்டைப் பார்த்தானாம், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது அவனும் நானும் சேர்ந்து குழுவுக்கு மனு எழுதியிருக்கிறோம், பாறையை மட்டும் நிரந்தரமாக மூடச் சொல்லி. முதல் கையெழுத்து அவனுடையது. உன் பழைய பதிவைத் துணைக்கு அனுப்பி வை. கூடத்தில் எல்லோர் முன்னாலும் போடட்டும். என் தட்டும் கேட்கட்டும், அதன் தட்டும் கேட்கட்டும்.

காரணம் என்ன என்று கேட்டிருந்த இடத்தில், ‘பாறையடியில் குடியிருப்பு உள்ளது’ என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லையே?

காதைப் பார்த்துக்கொள்.

அக்கா